கழற்றியவரே மாட்ட வேண்டும்: வார்ட்ரோபை வீடு மாற்றிய கதையும் கணக்கும்

மடிப்பாக்கத்திலிருந்து பெரும்பாக்கத்துக்கு எங்கள் வார்ட்ரோப் வந்து சேர்ந்தபோது 9 ஸ்க்ரூ குறைந்தது. ஒரு கதவுக்கு 4 கீல், ஒரு கீலுக்கு 4 ஸ்க்ரூ, மொத்தம் 5 கதவு. ஆக 80 இருக்க வேண்டும். பாலித்தீன் பையில் 71 இருந்தது. "ஒம்போது ஸ்க்ரூதானே மேடம், கடையில வாங்கிக்கலாம்" என்றார் மாட்ட வந்தவர்.

கிண்டியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் 22 வருஷமாக நட்டும் போல்ட்டும் எண்ணுவதுதான் என் பிழைப்பு. ஸ்க்ரூ குறைகிறது என்றால் கழற்றியவர் எண்ணவில்லை. எண்ணாதவர் வேறு எதையெல்லாம் பார்க்காமல் விட்டாரோ என்று நினைத்துக்கொண்டே பலகைகளைப் பிரித்தேன். ஒரு பக்கப் பலகையின் கீழ்மூலை ஊறின பிஸ்கட் மாதிரி உதிர்ந்திருந்தது.

கழற்றியது பேக்கர்ஸ் அனுப்பிய ஒருவர். வண்டியில் ஏற்றி இறக்கியது வேறு நாலு பேர். மாட்ட வந்தவர் மூன்றாமவர். கழற்றியவருக்கு போன் போட்டால் "நான் நல்லாத்தான் குடுத்தேன்." ஏற்றியவர்களைக் கேட்டால் "ஏத்தும்போதே அப்படித்தான் இருந்துச்சு." மாட்ட வந்தவர் "நான் இன்னும் தொடவே இல்லையே மேடம்." மூன்று பேரும் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. யார் கையில் எந்த நிலையில் பொருள் மாறியது என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை. எங்கள் ஸ்டோர்ஸில் ஒரு பேரிங்கை இப்படி வெளியே அனுப்பினால் என் வேலை போய்விடும்.

அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். கழற்றுவதும் மாட்டுவதும் ஒரே ஆள் கையில் இருக்கட்டும். பேக்கர்ஸ் "டிஸ்மேன்டில், ரீஇன்ஸ்டால் எல்லாம் பேக்கேஜ்ல வருது" என்று சொன்னாலும், இரண்டு இடத்துக்கும் வருவது ஒரே கார்பெண்டரா என்று கேளுங்கள். "எங்க ஆளு யாராவது வருவாங்க" என்று பதில் வந்தால், அவர்களுக்கு லாரி வேலையை மட்டும் கொடுத்துவிட்டு கார்பெண்டரைத் தனியாகப் பிடியுங்கள். தன் கையால் திரும்ப மாட்ட வேண்டும் என்று தெரிந்தவர் கழற்றும் விதமே வேறு. மூன்று மாதம் கழித்து என் தங்கை கொளத்தூரிலிருந்து போரூருக்கு மாறியபோது அப்படித்தான் செய்தோம். கீழே வருகிற நல்ல யோசனைகள் பெரும்பாலும் அவள் வீட்டில் செய்தவை. கெட்ட அனுபவங்கள் என் வீட்டில்.

இதைக் கழற்றலாமா?

எல்லா வார்ட்ரோபும் கழற்றி மாட்டத் தக்கதல்ல. ஒரு கதவைத் திறந்து, மேல் பலகையும் பக்கப் பலகையும் சேரும் மூலையைப் பாருங்கள். உள்பக்கம் சின்னதாக வட்டமான உலோக மூடி தெரிந்தால் அது மினிஃபிக்ஸ். அரைச் சுற்று திருப்பினால் விட்டுவிடும், திரும்பவும் பிடிக்கும். வெளிப்பக்கம் பிளாஸ்டிக் மூடிக்குள் தடித்த ஸ்க்ரூ இருந்தால் அதையும் கழற்றலாம். எதுவுமே தெரியாமல் வழவழவென்று மைக்கா மட்டும் இருந்தால், ஆசாரி வீட்டுக்கே வந்து ஃபெவிகாலும் ஆணியும் போட்டுச் செய்தது. அதைப் பிரித்தால் பலகையோடு பிய்ந்து வரும். கதவுகளை மட்டும் கழற்றி, பெட்டியை முழுசாகத் தூக்கிப் போக வழி இருந்தால் பாருங்கள். இல்லையென்றால் விட்டுவிட்டு வாருங்கள். எங்கள் லாஃப்ட் கதவுகள் அந்த ரகம், அவற்றை அங்கேயே விட்டோம்.

அடுத்தது பலகை. பிளைவுட் என்றால் ஒருமுறை கழற்றி மாட்டுவது பெரிய விஷயமில்லை. பார்ட்டிகிள் போர்டு மரத்தூளை அழுத்திச் செய்தது. ஸ்க்ரூவைக் கழற்றி அதே ஓட்டையில் போட்டால் இரண்டாவது தடவையே பிடி தளரும். எங்களுடையது 2016-ல் வாங்கியது, பெட்டி முழுக்கப் பார்ட்டிகிள் போர்டு, கதவு மட்டும் பிளை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்தில் இருந்த பழையது ஊறி உப்பிப் போனதும் அவசரத்தில் வாங்கியது. அப்போது எனக்குப் பலகை வித்தியாசம் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் பணம் போட்டிருப்பேன்.

வீட்டை விற்றுவிட்டு மாறுகிறீர்களா? வார்ட்ரோபை எடுத்துப் போவதாக அக்ரிமெண்டில் ஒரு வரி எழுதிவிடுங்கள். சுவரோடு ஒட்டி நிற்பது எல்லாம் வீட்டோடு சேர்ந்தது என்றுதான் வாங்குபவர் நினைப்பார்.

அரை அங்குலம்

இதைத்தான் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சண்டை இங்கேதான் வந்தது.

எங்கள் வார்ட்ரோப் 8 அடி அகலம்: 3 அடிப் பெட்டி இரண்டு, 2 அடிப் பெட்டி ஒன்று. புது வீட்டு பெட்ரூமில் அதற்கென்றே ஒரு குழிவு. பில்டர் பிளானில் 8 அடி 2 அங்குலம் போட்டிருந்தது. என் வீட்டுக்காரர் போய் டேப் வைத்துப் பார்த்தார், 8 அடி அரை அங்குலம் இருந்தது. "போதும், அரை அங்குலம் மிச்சம்" என்றார். அவர் இடுப்பு உயரத்தில் அளந்திருந்தார்.

தரையோரம் 4 அங்குல உயரத்துக்கு ஸ்கர்டிங் டைல் ஓடுகிறது. கலவையோடு சேர்த்து அது ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் வெளியே நிற்கிறது. ஆக கீழே கிடைப்பது 7 அடி பதினொன்றரை அங்குலம். 8 அடிப் பெட்டிக்கு அரை அங்குலம் பற்றாது. பின்பக்கமும் அதே கதைதான். ஸ்கர்டிங் இடிப்பதால் பெட்டி சுவரை ஒட்டாமல் விலகி நிற்கும். அந்தச் சந்து பல்லிக்கும் கரப்பானுக்கும்.

மாட்ட வந்தவர் யோசிக்கவே இல்லை. "ஓரத்துல அரை இன்ச் சீவிடலாம் மேடம்" என்று கட்டரை எடுத்தார். சீவினால் பலகை ஓரத்தில் ஒட்டியிருக்கும் பட்டை, அதாவது எட்ஜ் பேண்டிங், போய்விடும், பார்ட்டிகிள் போர்டின் உள்ளே இருக்கும் தூள் வெளியே தெரியும், மழைக்காலத்து ஈரத்தைக் குடிக்கும். கதவு அளவும் பெட்டி அளவும் ஒத்துப்போகாது. நான் வேண்டாம் என்றேன். அப்படியென்றால் டைலை கிரைண்டரில் அறுக்கலாம் என்றார். புது வீடு, புது பெயின்ட், ஏழாவது மாடி முழுக்கத் தூசி. அதற்கும் வேண்டாம் என்றேன். "அப்ப நீங்களே பண்ணிக்கோங்க" என்று அன்றைய கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாள் பலகைகள் ஹாலில் சுவரோடு சாய்ந்து கிடந்தன. அப்புறம் எங்கள் தொழிற்சாலைக்கு பேக்கிங் பெட்டி அடித்துக் கொடுக்கும் ஆசாரி அண்ணனைக் கூட்டி வந்தேன். அறுபது வயசு இருக்கும். மூலைமட்டத்தை வைத்தார், டேப்பை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் பிடித்தார். ஒரு பென்சிலை ஸ்கர்டிங் மேல் வைத்து, "இது நாலு இன்ச்சுதானேம்மா? பொட்டிய நாலரை இன்ச்சுக்குத் தூக்கிட்டா இது எங்க இடிக்கப் போவுது?" என்றார். அவ்வளவுதான். பழைய பிளாஸ்டிக் கால்களைக் கழற்றிவிட்டு, மரைன் பிளையில் நாலரை அங்குல உயரத்துக்கு ஒரு பேஸ் ஃப்ரேம் அடித்தார். ஃப்ரேம் பெட்டியைவிட இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் குறுகல், அதனால் ஸ்கர்டிங்குக்கு உள்ளேயே அடங்கியது. பெட்டிகள் ஸ்கர்டிங்குக்கு மேலே, சுவரோடு சுவராக உட்கார்ந்தன. ஒரு பலகையும் அறுபடவில்லை. மூலை உடைந்த பலகையை இரண்டு பெட்டிக்கு நடுவில் போகும்படி இடம் மாற்றிவிட்டார், வெளியே தெரியாது.

ஆகவே அளவெடுக்கும்போது அகலம், ஆழம், உயரம் மூன்றையும் மூன்று மூன்று இடத்தில் எடுங்கள். ஸ்கர்டிங்கின் உயரமும் தடிமனும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் போர்டு, ஏசி பாயின்ட், ஜன்னல் கதவு திறக்கும் பக்கம் இவற்றையும் போட்டோ எடுத்து கார்பெண்டருக்கு அனுப்புங்கள். கழற்றுவதற்கு முன்னால் அவரே புது வீட்டுக்கு ஒருமுறை வந்து பார்த்தால் இன்னும் நல்லது. பார்க்க வராமல் போனிலேயே விலை சொல்பவர், வேலை நாளில் "இது அப்ப சொல்லலையே" என்பார்.

உயரத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. தங்கையின் வார்ட்ரோப் 8 அடி உயரம், 2 அடி ஆழம். போரூர் வீட்டில் ஃபால்ஸ் சீலிங் போட்ட பிறகு அந்த இடத்தில் 8 அடி 2 அங்குலம். நிற்கும், சரி. ஆனால் பெட்டியைத் தரையில் படுக்க வைத்துப் பூட்டித் தூக்கி நிறுத்தினால், நிமிரும்போது அதன் மூலைக்கு மூலை நீளம் சீலிங்கில் இடிக்கும். 96-க்கு 24, மூலைவிட்டம் கிட்டத்தட்ட 99 அங்குலம். இருப்பது 98. பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் முதல்முறையாக எனக்கு உதவினார். அதனால் பலகைகளை நிற்கவைத்தே பூட்ட வேண்டியிருந்தது, அதற்குக் கூடுதலாக ஓர் ஆள் வேண்டும். முன்னாடியே தெரிந்ததால் கூலி முன்னாடியே பேசியாகிவிட்டது.

விலை பேசுவது

எனக்கு மூன்று விலை வந்தது: 6,500, 11,000, 18,000. மூன்றும் வேறு வேறு வேலைக்கான விலை என்பது பிறகுதான் புரிந்தது. 6,500 சொன்னவர் கணக்கில் கழற்றுவதும் மாட்டுவதும் மட்டும், ஸ்க்ரூ கூட நம்முடையது. 18,000-ல் சுற்றும் ஃபோம், குட்டி யானை வாடகை, மாடிக்குத் தூக்கும் கூலி, புதுக் கீல், குப்பை அள்ளிப் போவது எல்லாம் அடக்கம். எதை ஒப்பிடுகிறோம் என்று தெரியாமல் ஒப்பிட்டால் மலிவானதுதான் கடைசியில் அதிகம் வாங்கும்.

வாயால் பேசியதை அன்றைக்கே வாட்ஸப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள். "அண்ணே, பேசினபடி: கழற்றுவது, மாட்டுவது, பேஸ் ஃப்ரேம், சுவரில் கிளாம்ப், கதவு அட்ஜஸ்ட் எல்லாம் சேர்த்து இவ்வளவு. கீல் புதுசு போட்டால் பில்லோடு தனி. பலகை உடைந்தால் உங்கள் பொறுப்பு. சரிதானே?" அவர் ஒரு "ஓகே மேடம்" போட்டுவிட்டால் போதும். முத்திரைத்தாள் எல்லாம் எந்த ஆசாரியும் போட மாட்டார், கேட்டால் ஓடிவிடுவார். நிறுவனமாக இருந்தால் மட்டும் பில் கேட்டு வாங்குங்கள். பிரச்சினை பெரிதானால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. வேலைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் அங்கே போக பில்லும் அந்த வாட்ஸப் செய்தியும் கையில் இருக்க வேண்டும்.

நாளும் பார்த்துப் பேசுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் நம் ஊரில் பலர் பால் காய்ச்ச மாட்டார்கள். அதெல்லாம் சேர்ந்து ஆவணியிலும் தையிலும் வந்து விழும். நாங்கள் ஆவணி முகூர்த்த நாளில் போனோம், அன்றைக்கு ஊரே வீடு மாறியது. பால் காய்ச்சுவதை நல்ல நாளில் முடித்துவிட்டு, சாமானை அடுத்த வாரம் ஒரு புதன்கிழமை கொண்டு போயிருந்தால் ஆளும் கிடைத்திருப்பார், விலையும் இறங்கியிருக்கும். வட இந்தியத் தம்பிகள் செய்யும் டீம் என்றால் தீபாவளி, சத் பூஜை, ஹோலியை ஒட்டி ஊருக்குப் போய்விடுவார்கள். பாதி வேலையில் அது நடந்தால் பத்து நாள் போச்சு.

கழற்றும் நாள்

அன்றைக்கு வீட்டில் இருங்கள். எனக்கு ஆபீசில் ஆடிட், அதனால் என் வீட்டுக்காரர் இருந்தார். அவர் கார்பெண்டருக்கு டீ வாங்கிக் கொடுத்து கிரிக்கெட் பேசியிருக்கிறார்.

தங்கை வீட்டில் நான் செய்தது இது. கதவைத் திறந்து, மூடி, ஒவ்வொரு பலகையின் மூலையையும் காட்டி ஒரே ஓட்டமாக வீடியோ. கார்பெண்டரும் அதில் தெரியும்படி. பெட்டிகளுக்கு அ, ஆ, இ என்று பெயர். பலகை ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, "ஆ, இடது, மேல்பக்கம் இது" என்று பென்சிலில் எழுதினேன். பிரவுன் டேப்பை மைக்கா மேல் நேராக ஒட்ட விடாதீர்கள், பசை போகவே போகாது. கீல்களைக் கதவோடு விட்டுவிட்டு பெட்டிப் பக்கம் மட்டும் கழற்றச் சொன்னேன், பாதி ஸ்க்ரூவுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. மீதியை எண்ணி, பெட்டிக்கு ஒரு ஊறுகாய் பாட்டில், மேலே எண்ணிக்கை. வார்ட்ரோப் சாவிகள் என் ஹேண்ட்பேகில்.

பலகைகளை வண்டியில் படுக்க வைத்து அடுக்கக் கூடாது, நிற்க வைத்துக் கட்ட வேண்டும். 18 எம்எம் பலகை 8-க்கு 4 ஷீட் ஒன்றே 35 கிலோவை ஒட்டி இருக்கும். அடுக்கினால் அடியில் இருப்பதன் மூலைக்குத்தான் எல்லாக் கனமும். என் பலகை உடைந்தது அப்படித்தான் இருக்கும் என்று ஆசாரி அண்ணன் சொன்னார்.

கேட், லிஃப்ட், சுவர்

அடுக்குமாடி என்றால் அசோசியேஷனிடம் மூன்று விஷயம் கேளுங்கள். டிரில் போட அனுமதிக்கும் நேரம், ஞாயிற்றுக்கிழமை விதி, வேலையாட்களுக்கு என்ன அடையாள அட்டை. எங்கள் கேட்டில் ஆதார் நகல் இல்லாமல் இரண்டு பேரைக் காலை பத்து மணி வரை நிறுத்தி வைத்தார்கள், அரை நாள் கூலி என் தலையில். லிஃப்ட் கதவின் உயரத்தையும் அளந்துவிடுங்கள். எங்களுடையது 6 அடி 7 அங்குலம், 7 அடிப் பலகையைச் சாய்த்துத்தான் நுழைத்தார்கள்.

சுவரில் ஓட்டை போடும்போது வரும் தூசியைப் பாருங்கள். சிவப்பு என்றால் செங்கல், சாதாரண பிளக் போதும். மாவு மாதிரி சாம்பல் வெள்ளையாகச் சுலபமாகக் கொட்டினால் ஏஏசி பிளாக், அதாவது உள்ளே காற்றுக் குமிழி உள்ள லேசான சிமெண்ட் கல். அதில் சின்ன பிளக் பிடிக்காது, நீளமான நைலான் பிளக் வேண்டும். டிரில் கத்துகிறது, உள்ளே போகவில்லை என்றால் கான்கிரீட் சுவர். புது உயர மாடிக் கட்டடங்களில் சுவர் முழுக்கவே இப்படி வார்க்கிறார்கள். அதற்கு ஹேமர் டிரில் கொண்டு வரச் சொல்ல வேண்டும், வயர் பைப் எங்கே ஓடுகிறது என்று பில்டரிடம் கேட்க வேண்டும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் எந்தச் சுவரிலும் ஓட்டை வேண்டாம். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம் இருந்தால் பைப்பும் இருக்கும், ஈரமும் இருக்கும். அங்கே பெட்டிக்குப் பின்னால் ஓர் அங்குலம் இடைவெளி விடுங்கள்.

மாட்டும்போது பார்க்க வேண்டியது

முதல் பெட்டி நின்றதும் ரசமட்டம் வைக்கச் சொல்லுங்கள். முதல் பெட்டி சாய்ந்தால் மற்றதெல்லாம் அதோடு சாயும், கதவை எவ்வளவு திருகினாலும் நேராகாது. ரசமட்டம் இல்லாமல் வந்தவரை நான் வேலை தொடங்க விட மாட்டேன்.

தளர்ந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டிக் கேளுங்கள், "இதை என்ன செய்யப் போறீங்க அண்ணே?" என்று. அதே ஓட்டையில் இன்னும் தடித்த ஸ்க்ரூவை ஏற்றுகிறேன் என்பது பார்ட்டிகிள் போர்டில் ஆறு மாதத் தீர்வு. ஆசாரி அண்ணன் ஓட்டையைச் சுத்தமாக 8 எம்எம்முக்குத் துளைத்து, மரக்குச்சியில் ஃபெவிகால் தடவி அடித்து இறக்கி, ஓர் இரவு காயவிட்டு, மறுநாள் அதன் நடுவில் புது ஓட்டை போட்டார். இந்த ஓர் இரவுக்காகத்தான் வேலை இரண்டு நாள் ஆகும். ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் இந்த இரவு இல்லை.

கதவு அட்ஜஸ்ட் செய்வதை நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். ஆட்டோ ஹின்ஜில் (தானே இழுத்து மூடும் கீல்) முன்னால் இருக்கும் ஸ்க்ரூ கதவை இடம் வலம் நகர்த்தும், பின்னால் இருப்பது உள்ளே வெளியே. பெட்டியில் பதிந்த தட்டின் ஸ்க்ரூக்களைத் தளர்த்தினால் மேலே கீழே. ஒரு திருப்புளி போதும்.

பணம்

மூன்றில் ஒரு பங்கு கழற்றி முடித்ததும், ஒரு பங்கு பெட்டிகள் நின்றதும், மீதி கதவுகள் நேரானதும். அதிலும் 2,000 ரூபாயை நான் பத்து நாள் நிறுத்தி வைப்பேன். பேசும்போதே சொல்லிவிட வேண்டும், கடைசியில் சொன்னால் அது சண்டை. காரணமும் சொல்லுங்கள்: காலிப் பெட்டியில் நேராக இருக்கும் கதவு, புடவையும் போர்வையும் ஏறியதும் கொஞ்சம் இறங்கும். அதை ஒருமுறை வந்து திருக வேண்டும். வேலை தெரிந்தவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆசாரி அண்ணன் பதினோராம் நாள் வந்தார். நடுக் கதவு ஒரு நூல் இறங்கியிருந்தது, ஐந்து நிமிஷ வேலை. காபி குடித்துவிட்டு, பணத்தைப் போனிலேயே வாங்கிக்கொண்டு, பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் எடுத்துக் கொடுத்தார். மிச்சமான ஸ்க்ரூக்கள். எண்ணிப் பார்த்தேன், 6. பொட்டலத்தின் மேல் எண்ணிக்கையும் கீல் அளவும் எழுதி, 2 அடிப் பெட்டியின் மேல்தட்டில் உள்பக்கமாக ஒட்டி வைத்திருக்கிறேன்.